பொருளாதாரக் கொள்கைப் பட்டயம்: விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

பொருளாதாரக் கொள்கை என்ற சொல்லைக் கேட்டவுடன், புது தில்லியையும் நிதியமைச்சர் படிக்கும் வரவு செலவுத் திட்டத்தையும் நினைத்துக்கொள்வது நம்மில் பலருக்கு இயல்பு. அதற்கும் நம் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. சம்பந்தம் மிக நெருங்கியது என்பதே இக்கட்டுரையின் முதற்பாடம். பஞ்சாயத்தின் கையில் உள்ள பணம் சிறிது. செய்ய வேண்டிய வேலைகளோ பல. சாலையா, குடிநீரா, தெருவிளக்கா என்று அங்கத்தினர்கள் கூடிப் பேசி ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைக்கிறார்களே, அதுதான் பொருளாதாரக் கொள்கை. அதை நாம் நாள்தோறும் செய்துவருகிறோம். முறையாகக் கற்றுச் செய்கிறோமா என்பதே கேள்வி.

இத்துறையில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கற்கும் பட்டயப் படிப்புகள் இப்போது பல உள்ளன. நம் கிராமங்களில் பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் அவற்றைப் பற்றி ஒன்றிய அலுவலகத்தில் வந்து விசாரிக்கின்றனர். பஞ்சாயத்து அங்கத்தினர் சிலரும் தம் பிள்ளைகளுக்காகக் கேட்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அத்தகைய பட்டயம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் என் பிழையே. அப்பிழையைப் பின்னர் விளக்குவேன். முதலில் இக்கல்வி எத்தகையது என்பதை அறிவோம்.

வயலில் பிறந்த முறை

புதிய நெல் ரகம் ஒன்று வந்தால், அனுபவமுள்ள விவசாயி அதை உடனே வயல் முழுவதிலும் விதைத்துவிடுவதில்லை. ஒரு வயலில் புதியதையும் அடுத்த வயலில் பழையதையும் இடுகிறார். தண்ணீர், எரு, களையெடுப்பு ஆகிய யாவும் இரண்டுக்கும் ஒன்றே. அறுவடையின்போது களத்தில் இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்து, அதன் பிறகே மறு பருவத்திற்கு முடிவு செய்கிறார்.

இந்த எளிய வழக்கத்திற்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர் ரொனால்டு பிஷர் என்ற புள்ளியியல் அறிஞர். இவர் 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்தவர். எந்தப் பாத்திக்கு எந்த எரு என்பதை ஆராய்ச்சி செய்பவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தல் ஆகாது. சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்க வேண்டும் என்பது இவர் வகுத்த விதிகளுள் முக்கியமானது. இல்லையேல் நல்ல மண்ணுள்ள பாத்திக்கே புதிய எரு போய்ச் சேரும். விளைச்சல் மண்ணால் வந்ததா, எருவால் வந்ததா என்று பிரித்தறிய இயலாமற் போகும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் காணும் குடவோலை முறையை அறிந்த நமக்குச் சீட்டெடுப்பின் நடுநிலைமை புதிதன்று.

வயலில் பிறந்த இம்முறையைக் கொண்டு வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதித்த பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர். பானர்ஜியும் டூப்ளோவும் செந்தில் முல்லைநாதன் என்பவரும் சேர்ந்து, அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003-ல் வறுமை ஆராய்ச்சிக்கென ஒரு கூடம் நிறுவினர். இவர்களுள் முல்லைநாதன் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

மூன்று உதாரணங்கள்

இக்கல்வி பயில்வோர் எத்தகைய விஷயங்களை ஆராய்கின்றனர் என்பதற்கு மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

முதலாவது, தடுப்பூசி பற்றியது. ராஜஸ்தான் மாநிலம் உதயப்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களில் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியின் முடிவு 2010-ல் வெளியாயிற்று. கிராமங்கள் குலுக்கல் முறையில் மூவகையாகப் பிரிக்கப்பட்டன. புதிய ஏற்பாடு எதுவும் செய்யப்படாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 6 பேர். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 பேர். முகாமுடன், ஊசி போட வரும்போதெல்லாம் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்ததும் உணவுத் தட்டுகளும் தந்த கிராமங்களில் 39 பேர். பருப்புக்குத் தனியே செலவு ஆன போதிலும், முழுமையாகத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தைக்கு ஆன செலவு குறைந்தது. காரணம் எளிது. குழந்தைகள் பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் செவிலியரின் சம்பளமும் முகாமின் செலவும் ஒன்றே அல்லவா!

இரண்டாவது, பஞ்சாயத்துத் தலைவிகள் பற்றியது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தையும் உதயப்பூரையும் சேர்ந்த 265 பஞ்சாயத்துகளை ராகவேந்திர சட்டோபாத்யாயவும் டூப்ளோவும் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டனர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு அதிக வேலைகள் நடந்திருந்தன. சாலையைப் பொறுத்தவரை முடிவு இரு விதமாயிற்று: பீர்பூமில் பெண் தலைவர்கள் சாலைக்கும் அதிகம் செய்தனர், உதயப்பூரில் குறைவாகச் செய்தனர். அந்தந்த ஊர்ப் பெண்கள் எவற்றைக் கேட்டு மனுச் செய்தார்களோ அவற்றிற்கேற்பவே வேலைகள் அமைந்தன. ஓர் ஊரில் கண்ட முடிவை அப்படியே மற்றோர் ஊருக்குப் பொருத்தலாகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். இவ்வொதுக்கீடு தமிழ்நாட்டில் 2016-ல் நூற்றுக்கு 50 என உயர்த்தப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவர்.

மூன்றாவது, நம் மாநிலத்தையே சார்ந்தது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றில் மட்டும் அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தனர். அம்மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. குழந்தைகளின் கணக்கறிவும் மொழியறிவும் உயர்ந்தன. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. ஒரே பணியாளர் சமையலையும், பதிவேடுகளையும், பாடத்தையும் சேர்த்துக் கவனிக்கும் மையத்தில் எந்த வேலை பின்தங்கும் என்பதை நாம் ஊகித்திருக்கலாம். ஊகத்தை எண்ணிக் காட்டுவதே இக்கல்வியின் பணி.

எங்கே பயிலலாம்?

மேற்சொன்ன மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2017 முதல் இத்துறையில் இணையவழிப் பாடங்களை நடத்திவருகிறது. நுண்பொருளியல், புள்ளிவிவர ஆய்வு, வளர்ச்சிக் கொள்கை, திட்டங்களைக் குலுக்கல் முறையில் மதிப்பிடும் விதம் முதலியன அவற்றுள் அடங்கும். பாடங்களில் சேர முன்பட்டம் எதுவும் கேட்பதில்லை. பாடத்தைக் கேட்டுப் பயில்வதற்குக் கட்டணமும் இல்லை. சான்று வேண்டுமாயின் கண்காணிப்புடன் நடக்கும் தேர்வு எழுத வேண்டும். அதற்குரிய கட்டணம் மாணவரின் வருமானத்திற்கேற்ப மாறும். இப்பாடங்களை முடித்தவர்கள் அக்கழகத்தின் முதுகலைப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். அவ்வாறு தேர்ந்த முதல் அணியினர் 2020-ல் அங்கே சென்று பயின்றனர்.

நம் நாட்டில் 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஊரக வளர்ச்சியில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது; அதற்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பொருளாதாரப் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பட்டயத்திற்குப் பணம் கட்டும் முன், இத்தகைய இலவசப் பாடம் ஒன்றை முழுவதும் முடித்துப் பார்ப்பது நலம். விதைக்கும் முன் முளைப்புத்திறன் பார்ப்பது போன்றது அது.

விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை

இனி விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அங்கீகாரம். நம் நாட்டுப் பல்கலைக்கழகமாயின், அப்படிப்பை இணையவழியில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்பதைக் குழுவின் பட்டியலிலேயே பார்த்தறிய வேண்டும். விளம்பரத்தை நம்பலாகாது. வெளிநாட்டுச் சான்றாயின், அது அரசுப் பணிக்கோ பதவி உயர்வுக்கோ ஏற்கப்படுமா என்பதை முன்னரே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். அறிவுக்காகப் படிப்பது வேறு. உத்தியோகத்திற்காகப் படிப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பின்னர் வருந்துவோரைப் பார்த்திருக்கிறேன். அரசு ஊழியர்கள் துறையின் முன் அனுமதி பெற்றே சேர வேண்டும்.

இரண்டாவது, பணம். கட்டணத்துடன் தேர்வுக் கட்டணம், இணைய இணைப்பு, கணினி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இடைத்தரகர் எவருக்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. விண்ணப்பதாரர் நேரே விண்ணப்பிக்கலாம். நகையை அடகு வைத்தோ நிலத்தின் பேரில் கடன் வாங்கியோ இப்படிப்பில் சேரலாகாது என்பது என் உறுதியான கருத்து. கட்டணச் சலுகை கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்டவருக்கே அது கிடைக்கும்.

மூன்றாவது, கணக்கு. பள்ளியில் கற்ற இயற்கணிதமும், ஓரளவு நுண்கணிதமும், சராசரி, நிகழ்தகவு முதலியனவும் தெரிந்திருக்க வேண்டும். மறந்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து இரண்டு மாதம் பழக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நான் அவ்வாறே செய்தேன். என் மகளின் பழைய புத்தகமே எனக்கு உதவிற்று.

நான்காவது, மொழி. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பவை. தமிழ்வழி பயின்றோர் இதனால் அஞ்ச வேண்டியதில்லை. பாடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க இணையத்தில் வசதி உண்டு. கலைச்சொற்களைத் தமிழில் குறிப்பெழுதிக்கொண்டு பயின்றால், ஆறே வாரத்தில் தடை நீங்கும்.

ஐந்தாவது, நேரம். பாடம் ஒன்றுக்கு வாரந்தோறும் சுமார் பத்து மணி நேரம் தேவைப்படும். நடவு, அறுவடைக் காலங்களில் குடும்பத்தார்க்கு உதவ வேண்டியவர்கள், அம்மாதங்களை விலக்கிப் பாடம் தேர்வது விவேகம். வீட்டு வேலை முழுவதும் பெண்மீதே சுமத்தப்படும் வீட்டில், அவள் விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் படிப்பு நிலைக்காது. பெற்றோரும் கணவரும் இதை உணர்ந்து நடத்தல் வேண்டும்.

ஆறாவது, பரிந்துரைக் கடிதம். பெரிய பதவியிலுள்ளவரின் கடிதம் இருந்தால் இடம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். விண்ணப்பதாரரை அறியாத பெரியவரின் கடிதம் நான்கு புகழ்ச்சி வார்த்தைகளோடு முடிந்துவிடும். வேலையை நேரில் கண்டவரே தக்கவர். கல்லூரி ஆசிரியர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், உழைப்பைப் பார்த்த தலைமையாசிரியர் ஆகியோரிடம் கேட்கலாம்.

ஏழாவது, நோக்க உரை. இப்படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர் என்று விண்ணப்பதாரரே எழுத வேண்டிய சிறு கட்டுரை இது. இதில்தான் நான் தவறினேன்.

என் முதல் விண்ணப்பம்

நான் எழுதிய முதல் நோக்க உரையில் என் பணிக்காலம், வகித்த பொறுப்புகள், நிறைவேற்றிய திட்டங்கள் ஆகிய யாவும் வரிசையாக இருந்தன. வெட்டிய பண்ணைக்குட்டைகள் எத்தனை, கட்டிய கழிப்பறைகள் எத்தனை என்று எண்ணிக்கைகளை அடுக்கியிருந்தேன். இலக்கு முழுவதும் எய்தப்பட்டது என்று பெருமையோடு முடித்திருந்தேன். இடம் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமும், உண்மையைச் சொன்னால், சிறிது கோபமும் உண்டாயின.

அதற்கு அடுத்த தை மாதம், முன்னர் நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு கிராமத்திற்குச் செல்ல நேர்ந்தது. அங்கே என் காலத்தில் ஊரக வேலைத் திட்டத்தின்கீழ் பண்ணைக்குட்டைகள் பல வெட்டப்பட்டிருந்தன. வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் என்னை அடையாளம் கண்டு வரவேற்று, தம் நிலத்துக் குட்டைக்கு அழைத்துச் சென்றார். அதில் தண்ணீர் இல்லை, ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. “ஐயா, குழியை எண்ணிக்கொண்டு போனீர்கள். தண்ணீரை எண்ணவில்லையே!” என்றார். குற்றம் சாட்டும் தொனி அவர் குரலில் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை அதிகம் தைத்தது.

அன்று மாலை வரை அவரோடு நடந்து மற்றக் குட்டைகளையும் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை வறண்டு கிடந்தன. சிலவற்றில் மட்டும் நீர் நின்றது. நீர் நின்றவை களிமண் பாங்கான தாழ்ந்த இடங்களில் இருந்தன. வறண்டவற்றுட் பல, சரளை நிலத்தில், சாலையை ஒட்டி இருந்தன. பார்வையிட வருவோருக்கு வசதியாகவும் விரைவில் வெட்டி முடிக்கத் தக்கதாகவும் உள்ள இடங்களை நாங்கள் தேர்ந்திருந்தோம். இலக்கை எய்தினோம் என்பது மெய்யே. ஆனால் அந்த இலக்கு குழிகளின் எண்ணிக்கையாக இருந்ததேயன்றி, நீராக இருக்கவில்லை.

மறு ஆண்டு எழுதிய நோக்க உரையில் என் பெருமைகளை விட்டுவிட்டேன். அந்தக் கிராமத்தை விவரித்து, ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: “குட்டைக்கு இடம் தேர்வதை அலுவலகத்தினிடம் விடுவதா, நீரோட்டம் அறிந்த ஊராரிடம் விடுவதா? எது அதிக நாள் நீர் தரும்? இதை எவ்வாறு சோதித்தறிவது?” இம்முறை இடம் கிடைத்தது. பிழையை ஒப்புக்கொண்டதற்காகக் கிடைத்தது என்று நான் கருதவில்லை. கற்க வேண்டியது இன்னதென்று தெரிந்து வந்தவன் என்று கருதியே தந்திருப்பர்.

ஆகையால் விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுவே. சிறு வயது முதலே நாட்டுக்குச் சேவை செய்ய விரும்பினேன் என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அவ்வாறே எழுதுகின்றனர். இக்காலத்தில் கணினியே கட்டுரை எழுதித் தருகிறது என்று அதனிடமும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரின் வறண்ட குட்டையை அது பார்த்ததில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் நெல் உலர்களம், மாலையில் மட்டும் வற்றும் குழாய், மழைக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வராத பள்ளி என்று ஏதேனும் ஒன்று உங்கள் ஊரில் இருக்கும். அதைப் போய்ப் பாருங்கள், ஊராரைக் கேளுங்கள், எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்.

விண்ணப்பிக்காதவர்க்கும் உரியது

இப்பட்டயத்தால் எனக்குச் சம்பளம் உயரவில்லை, பதவியும் மாறவில்லை. ஆயினும் வேலை முடிந்தது என்ற அறிக்கை மேசைக்கு வரும்போது, முடிந்ததனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. இப்பழக்கத்திற்குப் பட்டயம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி ஒருவரே எனக்கு அதன் முதற்பாடத்தைப் புகட்டினார்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. தீர்மானங்களும் கணக்குகளும் அங்கே படிக்கப்படுகின்றன. படித்த பிள்ளைகள் பலர் அப்பொழுது வெளியூர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். அவர்களை அழைத்துச் சபையில் அமர்த்துவது பஞ்சாயத்தின் கடமை. ஊர்க் கணக்கை ஊன்றிப் படித்தவரே, எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கும் சிறந்த விண்ணப்பம் எழுத வல்லவர். அவ்வாறு படிக்கச் சென்றவரே, திரும்பி வந்தபின் ஊருக்கும் பயன்படுவார்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்கத் தக்க வினாக்கள்

1. சென்ற மூன்று ஆண்டுகளில் நம் பஞ்சாயத்தில் முடிந்த வேலைகளுள், இன்றும் பயன் தருபவை எவை? பயனற்றுப் போனவை எவை? காரணம் என்ன?

2. அவ்வேலைகளுக்கு இடம் தேர்ந்தவர் யார்? பயன்படுத்த வேண்டியவர்களைக் கேட்டார்களா?

3. பெண்கள் கிராம சபையில் கேட்டவற்றுள் எத்தனை தீர்மானங்களாயின? அவற்றுள் எத்தனை நிறைவேறின?

4. நம் ஊரில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவரைக் கொண்டு மேற்கண்ட மூன்று வினாக்களுக்கும் விடை தொகுக்க இயலுமா?